பொகீலா கொடிக்குக் கண் இருக்கிறதா?

மலைச்சாரல்:
தென் சிலியின் மழைக்காடுகளில் பொகீலா டிரைஃபோலியோலாட்டா என்றொரு கொடி இருக்கிறது. எந்த மரத்தில் ஏறுகிறதோ அதன் இலையைப் போலவே தன் இலையையும் ஆக்கிக்கொள்கிறது. அளவு, வடிவம், நிறம், காம்பின் நீளம், இலை நிற்கும் கோணம் எல்லாம் மாறும். ஒரே கொடி இரண்டு மரங்களில் படர்ந்தால், இங்கே ஒரு மாதிரி இலை, அங்கே வேறு மாதிரி. மரத்தைத் தொடக்கூட வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தாலே போதும். எர்னெஸ்டோ ஜியானோலியும் பெர்னாண்டோ கராஸ்கோ உர்ராவும் 2014-இல் இதை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஜேக்கப் வைட், ஃபெலிப்பே யமஷிட்டா இருவரும் இந்தக் கொடியைப் பிளாஸ்டிக் செடிக்குப் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் இலையையும் அது பின்பற்றியது என்று 2022-இல் எழுதினார்கள். 2024-இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. பிளாஸ்டிக்குக்கு மரபணு கிடையாது, மரத்தின் வாசமும் கிடையாது. அதையும் ஒரு கொடி பின்பற்றுகிறது என்றால், அது எப்படியோ பார்க்கிறது என்றுதானே பொருள்? செடிக்கு ஒருவகைக் கண் உண்டு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

நுண்ணோக்கி:
நான் மறுக்கிறேன். 2014 ஆய்வை அல்ல, அது காட்டில் நேரில் அளந்து எழுதியது. பிளாஸ்டிக் ஆய்வைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதில் இருந்தவை மொத்தம் நான்கு செடிகள். பிளாஸ்டிக் இலைகள் மேலே இருந்தன. கீழே இருந்த இலைகளையும் மேலே வளர்ந்த இலைகளையும் ஒப்பிட்டு, வடிவம் மாறிவிட்டது என்றார்கள். ஆனால் கீழே இருப்பவை முதிர்ந்த இலைகள், மேலே இருப்பவை பின்னால் வந்தவை. வயதும் உயரமும் வெளிச்சமும் மாறினாலே இலை மாறும். வீட்டு மணி பிளான்ட்டைப் பாருங்கள். தொங்கவிட்டால் உள்ளங்கை அளவு இலை. அதையே மரத்தில் ஏற்றிவிட்டால் முறம் அளவுக்கு வரும், ஓரமெல்லாம் கிழிந்திருக்கும். பலாக் கன்றின் இலையில் பிளவுகள் இருக்கும், வளர்ந்த மரத்தில் இருக்காது. இவை எதைப் பார்த்து மாறுகின்றன?

இக் நோபல் என்பது முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது. அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

செம்பருத்தி:
நடுவில் ஒரு கேள்வி. இவ்வளவு பாடுபட்டு இலையை மாற்றுவதால் கொடிக்கு என்ன லாபம்?

மலைச்சாரல்:
நல்ல கேள்வி. 2014 ஆய்வின் அழகே அதில்தான் இருக்கிறது. மரத்தில் ஏறிய கொடியைப் பூச்சிகள் குறைவாகவே கடிக்கின்றன. பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காமல் தரையில் படரும் கொடிக்குக் கடி அதிகம். இலையே இல்லாத வெறும் மரத்தில் ஏறிய கொடிக்கு இன்னும் அதிகம். உயரே ஏறுவதால் மட்டும் தப்பிக்க முடிவதில்லை, மர இலைகளுக்கு நடுவே ஒளிந்தால்தான் தப்பிக்கிறது.

நுண்ணோக்கி அண்ணா, மணி பிளான்ட் விஷயம் சரி. ஆனால் முள் முனைக்கு என்ன சொல்வீர்கள்? இலை நுனியில் முள் உள்ள மரத்தில் ஏறினால், பொகீலாவின் இலையிலும் அப்படி ஒரு கூர்முனை வருகிறது. வேறு இடத்தில் அது இல்லை. நிழல் கூடினால் இலை அகலமாகலாம், முள் எப்படி வரும்?

நுண்ணோக்கி:
அது நிஜ மரத்துப் பக்கத்தில் நடந்தது. அங்கே வாசத்துக்கும் நுண்ணுயிருக்கும் இடம் இருக்கிறது. தூத்துமக் கொத்தான் என்பது மற்றச் செடிகளை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக் கொடி. அந்த வகைக் கொடி இளம் தளிராக இருக்கும்போதே தக்காளிச் செடியின் வாசத்தை நோக்கி வளைகிறது. வெறும் வாசத்தைப் பிரித்தெடுத்து வைத்தாலும் வளைகிறது என்று 2006-இலேயே காட்டிவிட்டார்கள். 2021-இல் ஜியானோலி குழுவினரே பொகீலா இலைக்குள் இருக்கும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தார்கள். மரத்தைப் போல மாறிய இலையின் பாக்டீரியாக்கள் அந்த மரத்தின் பாக்டீரியாக்களை ஒத்திருந்தன. அதே கொடியின் மாறாத இலைகளில் அப்படி இல்லை.

மலைச்சாரல்:
ஒத்திருந்தன, அவ்வளவுதான். பாக்டீரியாவால் இலை மாறியதா, இலை மாறியதால் பாக்டீரியா மாறியதா என்று அதிலிருந்து சொல்ல முடியாதே. வாசமும் அப்படித்தான். “பக்கத்தில் இன்ன மரம் இருக்கிறது” என்று வாசம் சொல்லலாம். அதன் இலை எவ்வளவு நீளம், நுனியில் முள் உண்டா என்பதையெல்லாம் வாசம் எப்படிச் சொல்லும்?

இலைக்குக் கண் என்பது நேற்று வந்த யோசனையும் இல்லை. இலையின் மேல்தோல் செல்கள் குட்டி லென்ஸ் போல ஒளியைக் குவிக்கின்றன என்று தாவரவியலாளர் ஹாபர்லாண்ட் 1905-இலேயே எழுதினார். தாவர ஆய்வாளர்கள் பலுஸ்காவும் மான்குசோவும் 2016-இல் அதைத் திரும்ப எடுத்துப் பேசினார்கள்.

நுண்ணோக்கி:
ஒளியை உணர்வது வேறு, உருவத்தைக் காண்பது வேறு. செடிக்கு ஒளி உணரும் புரதங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றான ஃபைட்டோகுரோம் இருப்பதால்தான் பக்கத்துச் செடியின் நிழல் விழுவதற்கு முன்பே அது உயரத் தொடங்குகிறது. பச்சை இலையில் பட்டுத் திரும்பும் ஒளியில் தொலைசிவப்பு, அதாவது சிவப்பைத் தாண்டிய ஒளி, கூடுதலாக இருக்கும், அதை வைத்தே அறிந்துகொள்கிறது. உருவம் காண்பதற்கு லென்ஸ் மட்டும் போதாது. விழும் பிம்பத்தைச் செடியின் எந்தப் பகுதி படிக்கிறது, அதை வளரும் இலைக்கு யார் சொல்கிறார்கள் என்றும் காட்ட வேண்டும். அதை இதுவரை யாரும் காட்டவில்லை.

செம்பருத்தி:
அப்படியானால் எந்தச் சோதனை வைத்தால் நீங்கள் இருவருமே ஒத்துக்கொள்வீர்கள்?

நுண்ணோக்கி:
ஒரே வெளிச்சம், ஒரே உயரம், ஒரே வயது இலைகள். பரப்பும் நிழலும் சமமாக உள்ள இரண்டு விதப் பிளாஸ்டிக் இலைகள், வடிவம் மட்டும் வேறு. நான்கு போதாது, ஒவ்வொரு விதத்துக்கும் பத்து இருபது செடிகளாவது வேண்டும். எந்த இலை எந்தச் செடியினுடையது என்று தெரியாத ஒருவர்தான் அளக்க வேண்டும்.

மலைச்சாரல்:
முழுக்கச் சம்மதம். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த இரண்டு வடிவமும் சிலிக் காட்டில் எந்த மரத்துக்கும் இல்லாததாக இருக்கட்டும். அப்படிப்பட்ட வடிவத்தையும் கொடி கொண்டுவந்தால் என்ன சொல்வீர்கள்?

நுண்ணோக்கி:
என் கட்சியை விட்டுவிடுவேன். கொண்டுவராவிட்டால்?

மலைச்சாரல்:
கண் என்ற சொல்லை விட்டுவிடுவேன். அந்த முள் எப்படி வந்தது என்று கேட்பதை விடமாட்டேன்.