கடலோர மலைநடை, நடுவில் ஒரு குளியல்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வழிகாட்டியோடு குழுவாகக் கடலோர மலைப்பாதையில் நடக்கப் போகிறோம், நடுவில் கடலில் குளிக்கவும் எண்ணம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

—

வழிகாட்டியோடு போனாலும் நேரத்தைத் தீர்மானிப்பது கடல்தான். பெரும்பாலான கரைகளில் வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் தண்ணீர் சீராக ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று. "இன்னும் எவ்வளவு மணல் கிடக்கு" என்று செங்குத்துப் பாறையடியில் சாப்பிட உட்காருகிறவர்கள் மாட்டிக்கொள்வது அந்த மூன்றாம் மணியில்தான். பாறைமுனையைச் சுற்றிப் போகும் பாதையென்றால், தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே கடந்துவிட வேண்டும்.

நடைக்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. 12 கி.மீ., 600 மீட்டர் என்றால் மூன்றரை மணிக்குள் வரும். குழு, ஓய்வு எல்லாம் சேர்த்து ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியல் இதில் சேராது.

—

கணக்கு சரி. தண்ணீரில் இறங்குமுன் பத்து நிமிடம் மேட்டில் நின்று அலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் ஒடுக்கமான பட்டை சாதுவாகத் தெரியும். தெரியாதவர்கள் நேராக அங்கேதான் போவார்கள். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அதுதான். சிக்கினால் கரையைப் பார்த்து நீந்தித் தீர்ந்துபோகாதீர்கள். மிதந்து, கையை உயர்த்திக் காட்டி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகுங்கள்.

வியர்வையோடு தலைகீழாகப் பாய்வதும் வேண்டாம். குளிர்ந்த நீர் பட்டதும் மூச்சு தன்னால் வெடுக்கென்று உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீரும் கூடவே போகும். இடுப்பளவில் நின்று மூச்சு அடங்கட்டும்.

—

எல்லோரும் குளியலோடு நிறுத்திவிடுகிறீர்கள். வம்பே மேலே ஏறும்போதுதான். உப்பு காய்ந்தால் தொடையிடுக்கு உரசிப் புண்ணாகும், விரலிடுக்கு மணல் அரைக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரைக் குடிக்காமல் இதற்கென்றே ஒதுக்குங்கள். கழுவி, விரல் விரலாகத் துடைத்து, உலர்ந்த காலுறை. ஈரக் காலுறையோடு ஏறினால் குதிகாலில் கொப்புளம்.

கரையேறிய பிறகும் உடம்பு சிறிது நேரம் உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். நடுக்கம் தாமதமாக வரும். அதனால் உலர்ந்த சட்டை முதலில், சாப்பாடு அப்புறம். பருத்தி பனியன் நனைந்தால் லேசில் காயாது, முகட்டுக் காற்றில் அதுவே எதிரி.

—

வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது ஒன்று: நாம் குளிக்கும்போது கரையில் யார் நிற்பார்? விசிலும் எறிகயிறும் கையில் இருக்க வேண்டும். தலை எண்ணுவது மட்டும்தான் அவர் வேலை, போட்டோ எடுப்பதல்ல.