எச்டிஎஃப்எஸ்: அழித்து நாலு நாளாகியும் இடம் திரும்பவில்லை, ட்ராஷ் காலத்தைக் குறைப்பது எப்படி?

செங்காந்தள் (வெள்ளி, காலை)

வணக்கம். எங்களிடம் 10 டேட்டாநோட் (தரவைச் சேமிக்கும் கணினி) கொண்ட ஹடூப் கிளஸ்டர் இருக்கிறது, கோப்புகள் எச்டிஎஃப்எஸ் என்ற அதன் கோப்பு அமைப்பில் இருக்கின்றன. மொத்தம் 200 டிபி, அதில் 91% நிரம்பிவிட்டது. 2019 முதல் 2021 வரையிலான சென்சார் பதிவுகள் இனித் தேவையில்லை என்று மேலிடத்தில் ஒப்புதல் வாங்கி, திங்கள் மாலை மூன்று ஃபோல்டர்களையும் ஆர்எம் கட்டளையால் அழித்தேன். அளவு 12 டிபி. இன்றுவரை ஒரு ஜிபிகூடக் குறையவில்லை.

அழித்தவை ட்ராஷில் (குப்பைத்தொட்டியில்) எத்தனை நிமிடம் தங்கும் என்று சொல்லும் எஃப்எஸ்.ட்ராஷ்.இன்டர்வெல் 4320 என்று இருக்கிறது, அதாவது மூன்று நாள். அது முடிந்தாயிற்று. நான் வேலை செய்யும் கணினியின் கோர்-சைட் அமைப்புக் கோப்பில் அதை 60 ஆக்கியும் பார்த்தேன், பலனில்லை. திங்களன்று பெரிய லோடு ஒன்று வருகிறது. பேசாமல் 0 வைத்து ட்ராஷையே நிறுத்திவிடலாமா?

கடலோடி

முதலில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் ட்ராஷ் ஃபோல்டரை டியூ கட்டளையால் அளந்து சொல்லுங்கள். ஆர்எம் கொடுத்ததும் கோப்பு அழிவதில்லை, அழித்தவருடைய ட்ராஷுக்குள் ‘கரன்ட்’ என்ற இடத்துக்குப் பெயர் மாறிப் போகிறது, அவ்வளவுதான். பிளாக்குகள் (கோப்பின் துண்டுகள்) மூன்று பிரதிகளோடு அப்படியே டிஸ்க்கில் இருக்கும். ஆக உங்கள் 12 டிபி, டிஸ்க்கில் 36 டிபி.

உங்கள் கணினியில் மாற்றியது ஏன் எடுபடவில்லை என்றால், நேம்நோடில் (கோப்புப் பட்டியலை வைத்திருக்கும் தலைமைக் கணினியில்) ட்ராஷ் இன்டர்வெல் இருந்தால் அதுதான் செல்லும், கிளையன்ட் (உங்கள் கணினி) பக்க மதிப்பைக் கண்டுகொள்ளாது. நேம்நோடில் 0 இருந்தால்தான் கிளையன்ட் பக்கம் பார்க்கும்.

செங்காந்தள்

அளந்தேன். கரன்ட் காலியாக இருக்கிறது. பக்கத்தில் புதன்கிழமைத் தேதியும் 053000 என்ற நேரமும் சேர்ந்த எண்ணை பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர். அதில்தான் 12 டிபி, பிரதிகளோடு 36. நான் அழித்தது திங்கள். புதன் எங்கிருந்து வந்தது?

கடலோடி

அங்கேதான் விஷயம் இருக்கிறது. மூன்று நாள் கணக்கு நீங்கள் அழித்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை. நேம்நோடுக்குள் ஒரு வேலை குறிப்பிட்ட இடைவெளியில் விழித்து, கரன்ட் ஃபோல்டருக்கு அந்த நேரத்தையே பெயராக வைத்து ஒதுக்கும். இதை செக்பாயின்ட் என்பார்கள். வயது கணக்கு அந்தப் பெயரிலிருந்துதான். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்க வேண்டும் என்பதை எஃப்எஸ்.ட்ராஷ்.செக்பாயின்ட்.இன்டர்வெல் சொல்கிறது. அதைத் தொடாமல் 0 என்றே விட்டால், ட்ராஷ் இன்டர்வெல்லையே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு அது மூன்று நாள். செக்பாயின்ட் முடிந்த கையோடு ஒருவர் அழித்தால், ஒதுக்கவே மூன்று நாள், அதன்பின் காத்திருக்க மூன்று நாள், ஏறக்குறைய ஆறு நாள் ஆகும்.

காலை 5:30 என்பதும் தற்செயல் இல்லை. விழிக்கும் நேரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் வைக்கிறது. அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு 5:30. உங்கள் ஃபோல்டர் நாளை சனி 5:30க்கு முன் போகாது.

மணிமுத்தாறு

இவ்வளவு எதற்கு சகோ? 0 வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்கிப்ட்ராஷ் சேர்த்து அழியுங்கள், ட்ராஷுக்குப் போகாமல் உடனே போய்விடும்.

ஆலமரம்

தயவுசெய்து 0 வைக்காதீர்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் இரவு ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றில் தேதிக்கான மாறி (வேரியபிள்) காலியாக வந்துவிட்டது. ஒருநாள் ஃபோல்டரை அழிக்க வேண்டியது, அதற்கு மேலே இருந்த முழு ஃபோல்டரையும் அழித்தது. காலையில் பார்த்தபோது கை நடுங்கியது. ட்ராஷிலிருந்து எம்வி கட்டளையால் பழைய இடத்துக்கு நகர்த்தினோம், பெயர் மாற்றம்தானே, ஒரு நிமிடத்தில் முடிந்தது. அன்று 0 இருந்திருந்தால் இரண்டு வருட உழைப்பு போயிருக்கும். ஹடூப்போடு வரும் இயல்பு மதிப்பே 0 என்பதால், புதிதாக கிளஸ்டர் அமைப்பவர்கள் இதை முதல் நாளே பாருங்கள்.

இன்னொன்று, ட்ராஷ் ஷெல் கட்டளைக்குத்தான் காவல். நிரலுக்குள் இருந்து டெலீட் அழைத்தால் நேராகப் போய்விடும்.

செங்காந்தள் அவர்களே, அவசரம் உங்கள் ஒரு ட்ராஷுக்குத்தான். புதிய 3.x பதிப்பாக இருந்தால் எக்ஸ்பஞ்ச் கட்டளையோடு ‘இமீடியட்’ சேர்த்துக் கொடுங்கள், வயது பார்க்காமல் உங்கள் ட்ராஷை மட்டும் காலி செய்யும். சாதாரண எக்ஸ்பஞ்ச் வயது முடிந்ததை மட்டுமே அழிக்கும். கொடுக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பட்டியல் போட்டுப் பாருங்கள்.

செங்காந்தள் (சனி)

பட்டியல் பார்த்து, இமீடியட் கொடுத்தேன். ட்ராஷ் காலி. ஆனால் 21 டிபிதான் திரும்பியது. 36 வர வேண்டும். நேற்றிரவிலிருந்து எண் நகரவே இல்லை.

ஆலமரம்

பிளாக்குகளை டேட்டாநோடுகள் பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அழிக்கும், ஆனால் ஓர் இரவு முழுக்க அசையவில்லை என்றால் அது காரணமில்லை. 15 டிபி என்றால் பிரதி நீக்கி 5 டிபி. உங்கள் மூன்று வருடங்களில் எது 5 டிபி? சூப்பர்யூசராக (நிர்வாகி உரிமையோடு) எல்எஸ்ஸ்னாப்ஷாட்டபிள்டிர் ஓட்டி, ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) எடுக்க அனுமதித்த ஃபோல்டர்களைப் பாருங்கள். ஸ்னாப்ஷாட்டில் இருக்கும் கோப்பை ட்ராஷிலிருந்து அழித்தாலும் பிளாக் விடுபடாது.

செங்காந்தள்

2019 ஃபோல்டர் சரியாக 5 டிபி! மூன்றுக்கும் மேலே இருக்கும் தாய் ஃபோல்டரில் 2020 ஜனவரியில் யாரோ எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்று கிடக்கிறது. பேக்கப் சோதனைக்காக எடுத்ததாம், எடுத்தவரிடமே கேட்டுவிட்டேன், வேண்டாம் என்கிறார். டெலீட்ஸ்னாப்ஷாட் கொடுத்தாயிற்று. எண் இறங்கத் தொடங்கிவிட்டது, 80 தாண்டிக் கீழே போகிறது. மனதுக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது.

இனி இன்டர்வெல் 2880, செக்பாயின்ட் 240 வைக்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

கடலோடி

சரி. அதிகபட்சம் 52 மணி நேரம் தங்கும். வெள்ளி இரவு தவறு நடந்து திங்கள் காலையில்தான் யாராவது பார்ப்பார்கள் என்றால் 4320 வைத்து, செக்பாயின்ட்டை மட்டும் 240 ஆக்குங்கள். இரண்டு நேம்நோடிலும் மாற்றி, ஸ்டாண்ட்பையை (மாற்றாகக் காத்திருக்கும் நேம்நோடை) முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

செங்காந்தள்

வார இறுதியை யோசிக்கவே இல்லை. 4320, 240 என்றே வைத்துவிட்டேன். இப்போது 73%. எல்லோருக்கும் நன்றி.