பனிக்காலத் தேவதைக் கதைகள்: உங்களை இன்னும் விடாத இடம் எது?

கடைசிப்பக்கம்:

எங்கள் வாசிப்புக் குழுவில் ஆண்டர்சனின் 'பனி அரசி' படித்தோம். கதை தெரியாதவர் இங்கே இருக்க மாட்டார்கள், சுருக்கமெல்லாம் வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பனி அரசி தூக்கிப்போன சிறுவன் கேய், அவள் அரண்மனையில் உட்கார்ந்து பனிக்கட்டித் துண்டுகளைப் பொருத்திக்கொண்டிருக்கும் இடம். குளிரில் உடம்பு நீலமாகி, கிட்டத்தட்டக் கறுத்தே போய்விட்டது. அவனுக்கு அது தெரியாது, நடுக்கத்தை அவள் முத்தமே எடுத்துவிட்டது. 'நித்தியம்' என்ற சொல்லை அமைத்துவிட்டால் உலகம் முழுக்க உனக்கு, கூடவே ஒரு ஜோடி புதுச் சறுக்குக் காலணி என்று சொல்லியிருக்கிறாள். (உலகத்தோடு சறுக்குக் காலணியையும் சேர்த்தார் பாருங்கள், அதற்காகவே ஆண்டர்சனைக் கும்பிடலாம்.)

குழுவில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் உண்டு. "பையன் நிம்மதியாத்தானே இருக்கான், எதுக்குப் போய்க் கெடுக்கணும்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கதை பழையபடி இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், பனி அரசிக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. கேயைத் தேடிக்கொண்டு அவன் தோழி கெர்டா வந்து சேரும்போது அரசி வீட்டிலேயே இல்லை. எட்னா, வெசூவியஸ் எரிமலைகளுக்குக் கொஞ்சம் வெள்ளையடித்துவிட்டு வருகிறேன், எலுமிச்சைக்கும் திராட்சைக்கும் நல்லது என்று கிளம்பிப் போய்விட்டாள். இவளை வில்லி என்று எந்த வரியை வைத்துச் சொல்கிறோம்? உங்களுக்கும் இப்படி ஏதாவது மாட்டியிருந்தால் எழுதுங்கள்.

ரொறன்ரோ வாசகன்:

எனக்கு மாட்டியது கதை இல்லை, ஒரு பிரதி. இங்கே நூலகத்தில் எடுத்த இயோவின் ஐவியின் 'தி ஸ்னோ சைல்ட்', 2012இல் வந்த நாவல். 1920இன் அலாஸ்கா, குழந்தையைப் பறிகொடுத்த ஜாக்கும் மேபலும், முதல் பனியில் செய்த சிறுமி. பழைய ரஷ்யக் கதையின் மறுபுனைவுதான். படித்தவர்களுக்குத் தெரியும், ஃபெய்னா என்ற அந்தச் சிறுமி இருக்கும் காட்சிகளில் உரையாடலுக்கு மேற்கோள் குறியே இருக்காது. அவள் நிஜமா, அவர்கள் ஏக்கத்தில் உருவானவளா என்று கடைசிவரை நம்மைத் தொங்கவிடுகிற வேலை அது.

எனக்கு முன்னால் அந்தப் பிரதியைப் படித்த யாரோ, அவள் பேசும் ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் மேற்கோள் குறி போட்டிருந்தார்கள். நூலகப் புத்தகத்தில்! முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஒன்றுவிடாமல், அவ்வளவு கவனமாகப் போட்டிருந்தார்கள். சரி, இவருக்கு அந்தப் பிள்ளை நிஜம் என்று எண்ணிக்கொண்டேன். அப்புறம் பாதியில் ஒரு பக்கத்தோடு குறிகள் நின்றுவிட்டன. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

நம்பிக்கை போய்விட்டதா, புத்தகத்தையே மூடிவிட்டாரா? நாவலின் முடிவைவிட இதுதான் என்னைக் குடைகிறது.

நீலச்சிலந்தி:

கடைசிப்பக்கம், அந்தக் கணக்கு ஆசிரியருக்கு அந்தக் காட்சி பிடித்ததில் ஆச்சரியமே இல்லை. தனியாக உட்கார்ந்து புதிர் போட ஒரு மண்டபம், தொந்தரவு செய்ய யாரும் இல்லை! ஆனால் அந்த விளையாட்டுக்கு ஆண்டர்சன் வைத்த பெயரே 'அறிவின் பனி விளையாட்டு'. உடைந்த மாயக் கண்ணாடியின் சில்லு கண்ணில் இருப்பதால்தான் அது அவனுக்கு அவ்வளவு உசத்தியாகத் தெரிகிறது என்று அவரே சொல்லிவிடுகிறார். நிம்மதியாக இருக்கிறான் என்பது வாதமே இல்லை. மரத்துப்போன காலும் வலிக்காது.

என் கதை எம்.ஏ. வகுப்பில் நடந்தது. ஏஞ்சலா கார்ட்டரின் 'தி ப்ளடி சேம்பர்' (1979) பாடத்தில் இருந்தது. அதில் 'பனிக் குழந்தை' பற்றிய கதை இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும். அதை மட்டும் ஆசிரியர் தாண்டிப் போனார். "பரீட்சைக்கு வராது." ஏன் தாண்டினார் என்று படித்தவர்களுக்குப் புரியும், அதில் பிரபு செய்யும் காரியத்தை எந்த வகுப்பிலும் எளிதாகப் பேச முடியாது.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த இடம் இல்லை. நடுக்குளிரில் பிரபுவும் சீமாட்டியும் குதிரையில் போகிறார்கள். பனி போல் வெள்ளையாக, ரத்தம் போல் சிவப்பாக, காக்கை இறகு போல் கறுப்பாக ஒரு பெண் வேண்டும் என்று அவன் ஆசைப்படுகிறான், உடனே அவள் வழியோரத்தில் உடையில்லாமல் நிற்கிறாள். அவளைத் தொலைத்துக்கட்டச் சீமாட்டி ஒவ்வொரு சாக்காகச் சொல்ல, அவன் மறுக்கிறான். மறுக்கும்போதெல்லாம் சீமாட்டியின் உடம்பிலிருந்து ஒரு துணி கழன்று அந்தப் பெண்மேல் போய் ஏறுகிறது. முதலில் ரோமச் சால்வை, பிறகு காலணி. கடைசியில் சீமாட்டி அம்மணமாக நடுங்குகிறாள்.

இரண்டு பெண்களுக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஒரு செட் கதகதப்பு, அதன் சாவி அவன் கையில். வெளியே பெய்யும் பனி சும்மா. இதை வகுப்பில் சொல்ல எழுந்தேன், மணி அடித்துவிட்டது. அதனால்தான் இங்கே கொட்டுகிறேன். கிரிம் சகோதரர்கள் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பவள் பெற்ற தாய், 1819இல் அவளைச் சிற்றன்னையாக மாற்றினார்கள். ரெண்டு பெண்களை மோதவிட்டுவிட்டு ராஜா எங்கே போனார் என்று அங்கேயும் யாரும் கேட்பதில்லை.

யூலாந்துக்காரி:

நான் டென்மார்க்கில் இருக்கிறன். மகளின் பள்ளிப் பிள்ளைகளோடு துணைக்கு, ஆண்டர்சன் பிறந்த ஊரான ஒடென்சவுக்குப் போனேன். புது அருங்காட்சியகம் 2021இல் திறந்தது, அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். என்னைப் பிடித்தது அவர் 1807 முதல் 1819 வரை இருந்த சின்ன வீடு. செருப்புத் தைக்கிற தகப்பன், ஒரு அறை, அதற்குள்ளேயே தொழில், படுக்கை எல்லாம். கூரைத் தண்ணீர் ஓடும் இடத்தில் மண் நிரப்பிய பெட்டி வைத்துத் தாய் வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் வளர்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். அவவின்ர தோட்டமே அவ்வளவுதான். பனி அரசியில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ரோசாப் பெட்டி வருமே, அது இங்கேயிருந்து போனதுதான்.

ஒரு பனிக்காலம் யன்னல் கண்ணாடியில் உறைந்த பனியில் ஒரு பெண் கைநீட்டி நிற்கிற மாதிரி உருவம் இருக்க, தகப்பன் அதைக் காட்டி, இவள் என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள் போல என்று பகிடி விட்டிருக்கிறார். 1816இல் அவர் செத்துப்போனார். அன்றிரவு முழுக்க ஒரு சுவர்க்கோழி கத்திக்கொண்டிருந்ததாம். தாய் அதைப் பார்த்து, "நீ கூப்பிடத் தேவையில்லை, அவர் செத்துவிட்டார், பனிமங்கை கொண்டுபோயிட்டாள்" என்று சொன்னாவாம்.

வழிகாட்டி இதைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாம் யன்னலைத்தான் பார்த்தார்கள். எனக்குச் சுவர்க்கோழிதான் நின்றது. புருசன் செத்த இரவில் ஒரு பூச்சியோடு கதைக்கிற பொம்பிளை. ஊரில் எங்கட அம்மம்மா பல்லியோடு அப்படிக் கதைப்பா.

கடைசிப்பக்கம் கேட்ட வில்லிக் கேள்விக்கு என் பதில் இதுதான்: அவருக்கு அவள் வில்லியாக இருக்க ஏலாது. அப்பாவைக் கொண்டுபோனவள் எண்டு தாய் காட்டின உருவம் அது. அதை எப்படித் தண்டிப்பது? 1861இல் 'பனிமங்கை' என்று ஒரு கதையை சுவிஸில் வைத்துத் திரும்ப எழுதினார். அதில் அவள் பெடியனை ஏரிக்குள் கொண்டே போய்விடுகிறாள், கெர்டா இல்லை.

தாத்தாவின் நாற்காலி:

அனைவருக்கும் வணக்கம். என் அனுபவம் சிறியது. பேத்திக்குத் தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதையைப் படித்தேன் (1845). முடித்ததும் "பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதானே?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

இனி ஒரு யோசனை. குளிர்காலக் கதைகளைக் குழந்தைகளிடம் கொண்டுபோக ஒரு வரிசை வேண்டும். முதலில் கிரிம்மின் ஹோலே பாட்டி. அவளுடைய இறகு மெத்தையை உதறினால் பூமியில் பனி பெய்யும். பனி பெய்தால் ஹோலே பாட்டி படுக்கை விரிக்கிறாள் என்பார்களாம் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில். இதைக் கேட்ட குழந்தை பனிக்குப் பயப்படாது. அடுத்து ரஷ்ய மொரோஸ்கோ. சிற்றன்னை காட்டில் விட்டுவிட்ட பெண்ணிடம் உறைபனிக் கிழவன் வந்து "குளிருகிறதா பெண்ணே?" என்று கேட்டுக்கொண்டே குளிரை ஏற்றுவான், அவள் ஒவ்வொரு முறையும் "இல்லை ஐயா, இதமாக இருக்கிறது" என்பாள். அதனால் அவளுக்குக் கம்பளியும் பரிசுகளும். திட்டிய மற்றவள் விறைத்துச் செத்துப்போவாள். மரியாதை கற்றுக்கொடுக்க இதைவிடச் சிறந்த கதை இல்லை. பனி அரசி எட்டு வயதுக்குமேல். படிக்கும்போது ஏழு பகுதிகளையும் ஒரே இரவில் படிக்காதீர்கள். திருடன் மகள் வரும் பகுதிக்குத் தனி நாள் ஒதுக்குங்கள், அவள் கையில் கத்தி இருப்பதால் கேள்விகள் வரும். தீக்குச்சிச் சிறுமி பகலில் மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு. கார்ட்டர் போன்றவற்றைப் பூட்டி வையுங்கள். படங்களைப் பொறுத்தவரை, பழைய பதிப்புகளில் உள்ள கோட்டோவியங்களே நல்லது, சினிமாப் படங்கள் கற்பனையை அடைத்துவிடும். 2013இல் வந்த 'ஃப்ரோசன்' படத்தைப் பார்த்துவிட்டுப் பேத்தி பனி அரசிக்கு ஒரு தங்கை உண்டு என்று அடித்துச் சொல்கிறாள்.

மழைநாள்:

ஐயா, யாரும் பாடத்திட்டம் கேட்கவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மொரோஸ்கோவை வைத்து மரியாதை கற்றுக்கொடுப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. விறைத்துச் சாகிற பிள்ளை "இதமாக இருக்கிறது" என்று சொன்னால் பரிசு! எத்தனை வீட்டில் மருமகள்கள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

என் கதைக்கு வருகிறேன். ஆர்தர் ரான்சம் 1916இல் வெளியிட்ட ரஷ்யக் கதைத் தொகுப்பில் பனிமகள் கதை உண்டு. ரொறன்ரோ வாசகன் சொன்ன நாவலுக்கும் பனிமகள்தான் வேர். பிள்ளையில்லாத கிழவனும் கிழவியும் பனியில் ஒரு மகளைச் செய்கிறார்கள், அவள் உயிரோடு வருகிறாள். ஒருநாள் காட்டில் வழிதவறுகிறாள். கரடி, ஓநாய் இரண்டையும் நம்பாமல் நரியோடு வீடு வந்து சேர்கிறாள். நரிக்கு ஒரு கோழி தருவதாகப் பேச்சு. கிழவனும் கிழவியும் ஒரு சாக்கில் கோழியையும் இன்னொன்றில் நாயையும் போட்டுக் கொண்டுவந்து, நாயை அவிழ்த்துவிடுகிறார்கள். கோழி மிச்சம்! உடனே மகள், என்னை ஒரு கோழியைவிடக் குறைவாகத்தானே நேசிக்கிறீர்கள், நான் போகிறேன் என்று உருகிவிடுகிறாள்.

இதை ஒரு பெண்கள் குழுவில் வாய்விட்டுப் படித்தேன். சாக்கு வந்ததும் கலகலவென்று சிரிப்பு, கிழவி கெட்டிக்காரி என்று ஒரு குரல்கூட வந்தது. கடைசியில் நடுத்தர வயதுள்ள ஒருவர் மட்டும், "எங்க வீட்டுலயும் கணக்கு பார்த்தாங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டீ வந்துவிட்டது.

அதனால் நீலச்சிலந்தி சொல்வதோடு சேர்கிறேன். அவள் உருகினது வெயிலில் இல்லை.

தாத்தாவின் நாற்காலி:

மழைநாள் அவர்களே, அந்தக் கதையில் கோழி முக்கியம் இல்லை, கொடுத்த வாக்கு முக்கியம். நரியாக இருந்தாலும் வாக்கு வாக்குதான். மேலும், எல்லா வடிவத்திலும் கோழி கிடையாது. வேறொன்றில் அவள் தோழிகளோடு நெருப்பைத் தாண்டிக் குதித்து ஆவியாகிறாள். ரஷ்ய நாடக ஆசிரியர் ஒஸ்திரோவ்ஸ்கியின் நாடகத்தில் (1873) அவள் உறைபனிக்கும் வசந்தத்துக்கும் பிறந்தவள், காதல் வந்ததும் சூரியக் கதிர் பட்டு உருகுகிறாள். இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சகோவ் அதை ஓபராவாக்க, அது 1882இல் மேடையேறியது. வெயிலில் உருகினது இல்லை என்று நீங்கள் பொதுவாகச் சொல்வது சரியல்ல.

மருமகள் விஷயம் யோசிக்க வேண்டியதுதான். வரிசையில் மொரோஸ்கோவை மூன்றாவது இடத்துக்கு மாற்றுகிறேன்.

ரொறன்ரோ வாசகன்:

இரண்டாவது இடத்துக்கு என்ன வரும், ஐயா?