சோனிங்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

கிருஷ்ணகிரியிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வார்டு உறுப்பினர்களுக்கான முழுமைத் திட்டக் (மாஸ்டர் பிளான்) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எஃப்.எஸ்.ஐ.க்குத் தளப்பரப்புக் குறியீடு, ஓ.எஸ்.ஆருக்குத் திறந்தவெளி ஒதுக்கீடு என்று மற்றதெல்லாம் புழங்கும் சொற்களாகவே கிடைத்துவிட்டன. சோனிங் மட்டும், அதாவது எந்தப் பகுதி நிலத்தில் எதற்கு அனுமதி என்று வகுப்பது மட்டும், காகிதத்துக்குக் காகிதம் மாறுகிறது. ஓரிடத்தில் மண்டலம், ஓரிடத்தில் உபயோகப் பகுதி, ஓரிடத்தில் வகைப்பாடு. சோன், சோனிங், ரீசோனிங், ஸ்பாட் சோனிங், நான்கன்ஃபார்மிங் யூஸ் ஐந்தும் ஒரே வேரில் முளைத்தால் நல்லது. படிக்கப் போகிறவர்கள் பொறியாளர்கள் இல்லை என்பதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

தர்மபுரியிலிருந்து:

மண்டலம் இருக்கிறதே, அப்புறம் என்ன? குடியிருப்பு மண்டலம், தொழில் மண்டலம், மண்டல மாற்றம். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று கேட்டுப் பழகிய சனம்தானே. வேலையை முடியுங்கள்.

ஓசூரிலிருந்து:

> மண்டல மாற்றம்

ஐயா, 2019-இல் மாநகராட்சி ஆனதிலிருந்து இங்கே மண்டலம் என்றால் மண்டல அலுவலகம். தாலுகா ஆபீசில் மண்டலத் துணை வட்டாட்சியர் வேறு இருக்கிறார். "உங்கள் தெரு மண்டல மாற்றம் செய்யப்படுகிறது" என்று நோட்டீஸ் ஒட்டினால், இனி எந்த ஆபீசில் வரி கட்டுவது என்றுதான் கேட்பார்கள்.

அதைவிட ஆபத்து வகைப்பாடு. அது வருவாய்த் துறையின் சொல். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு என்று எழுதியிருக்கிறதே, அதுதான் வகைப்பாடு. தீர்வைக் கணக்குக்காக ஏற்பட்டது. முழுமைத் திட்ட வரைபடத்தில் மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழில், பச்சை வேளாண்மை என்று நிறம் பூசுகிறோமே, அது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி வருவது. இரண்டுக்கும் ஆபீஸ் வேறு, சட்டம் வேறு.

2 ஏக்கர் 75 சென்ட் மாந்தோப்பு ஒன்று என்று வையுங்கள். பட்டாவில் புன்செய். நேரில் போய்ப் பார்த்தால் மரம். வரைபடத்தில் மஞ்சள். மூன்றும் ஒரே நாளில் உண்மை. வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபணை எழுதித் தரச் சட்டப்படி குறைந்தது 2 மாதம் உண்டு. அறிவிக்கையில் "வகைப்பாடு மாற்றம்" என்று பார்த்தவர் நேரே தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பட்டாவைச் சரிபார்க்கிறார். புன்செய் புன்செய்யாகவே இருக்கிறது. நம் நிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வீடு திரும்புகிறார், 2 மாதம் ஓடிப்போகிறது. பக்கத்துத் தோப்பில் பட்டறைக்குக் கடைக்கால் தோண்டும்போதுதான் வரைபடம் என்று ஒன்று இருப்பதே தெரியவருகிறது. தரகர் பேச்சிலும் இதே குழப்பம். "வகைப்பாடு மாத்தியாச்சு சார்" என்பார். மாற்றியது பதிவேட்டிலா வரைபடத்திலா என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே எந்தச் சொல் வந்தாலும் சரி, வகைப்பாடு மட்டும் வேண்டாம்.

பென்னாகரத்திலிருந்து:

மண்டலத்தின் மீது எனக்கு வேறு வழக்கு. இந்தத் தகடூர் வட்டாரம் சோழர் ஆட்சியில் நிகரிலிசோழ மண்டலத்தில் இருந்தது. நுளம்பபாடி என்ற நாடு முழுவதுக்கும் இட்ட பெயரை மூன்று தெருவுக்குச் சூட்டுவது அந்தச் சொல்லுக்கே அவமானம்.

மூலத்துக்குப் போவோம். ஆங்கிலத்தார் கிரேக்கத்திலிருந்து எடுத்த சொல் இது. கிரேக்கத்தில் இடுப்புக் கச்சை என்று பொருள். நம்மிடம் கச்சை, மேகலை, அரைஞாண் எல்லாம் உண்டு. நிலத்துக்குக் கச்சை கட்டுதல் அழகான படிமம்தான், ஆனால் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவதுபோல் ஒலிக்கும் என்பதால் விடுகிறேன். வலயம் என்பது ஈழத்தில் வழங்குகிறது, அதுவும் வடமொழி. நிலத்தை வகுத்து இன்ன நிலத்தில் இன்ன தொழில் என்று சொன்ன சொல் நம்மிடமே இருக்கிறது: திணை. குடியிருப்புத் திணை, வணிகத் திணை, திணை மாற்றம். கலப்புப் பயன்பாட்டுக்குத் திணைமயக்கம் என்று தொல்காப்பியரே பெயர் வைத்துவிட்டார். அகத்திணையியலைப் பாருங்கள்: திணை மயங்கலாம், நிலம் மயங்காது. கடைக்கு மேலே வீடு வரலாம், ஏரிக்குள் மனை வரக்கூடாது என்று இதைவிடச் சுருக்கமாக எந்த விதி சொல்லும்?

பாலக்கோட்டிலிருந்து:

ஐயா, நம் மாவட்டத்தில் "இந்தப் பகுதி வணிகத் திணை" என்று போர்டு வைத்தால் சாமை, தினை கொள்முதல் நிலையம் என்று மூட்டையோடு வந்து நிற்பார்கள். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று யார் எண்ணுவது?

அரூரிலிருந்து:

நல்ல தமிழ் வேண்டுமானால் "வரை". எல்லை, அளவு, கோடு, வரம்பு எல்லாம் அந்த ஒரு வேரில் அடங்கும். வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. சோன் = நிலவரை. சோனிங் = நிலவரைவு. ரீசோனிங் = மறுவரைவு.

தர்மபுரியிலிருந்து:

நிலவரை, நிலவறை. வாயால் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கு அடியில் அறை கட்ட அனுமதி கேட்கிறான் என்றுதான் காதில் விழும். வரைவு என்றால் அகப்பாட்டில் கல்யாணம். மறுவரைவு என்றால் மறுமணமா?

ஓசூரிலிருந்து:

வேர் சரி, அரூரார் பக்கம்தான் நான். கொஞ்சம் நீட்டினால் போதும்: பயன் வரையறை.

காரணம் சொல்கிறேன். நிலப்பயன் என்பது நிலம் இன்று எப்படிக் கிடக்கிறது என்பது. சோனிங் என்பது எதற்கு அனுமதி என்பது. மாந்தோப்பை வெட்டி மனை போட்டால் நிலப்பயன் மாறிவிட்டது. வரைபடம் மாறவில்லை, அதனால்தான் அது விதிமீறல். "நிலப்பயன் மாற்றம்" என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் குற்றத்துக்கும் அனுமதிக்கும் ஒரே பெயர் ஆகிவிடுகிறது.

ரீசோனிங் = வரையறை மாற்றம். விண்ணப்பத்தோடு பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட (சர்வே எண்ணின் அளவுப் படம்) நகல், வில்லங்கச் சான்று, சுற்றுப்புற நிலங்களைக் காட்டும் வரைபடம். பிறகு பத்திரிகை அறிவிப்பு, ஆட்சேபணை, ஆணை, அரசிதழ். ஸ்பாட் சோனிங் என்பது பச்சைக்கு நடுவே ஒரே ஒரு சர்வே எண்ணை மட்டும் நீலமாக்குவது. ஒற்றைப்புல வரையறை எனலாம். அதன் தொல்லை அந்த நிலத்தோடு நிற்காது. அங்கே போவது வண்டிப்பாதை, லாரிக்கு ஆகாது. கழிவுநீர் பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். பாதையை அகலப்படுத்தும் செலவு நகராட்சித் தலையில் விழும்.

கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: அரசிதழில் 112/2 என்று வந்திருக்கும். நடுவில் உட்பிரிவு ஆகி 112/2ஏ, 112/2பி என்றாகியிருக்கும். வரையறைக் கோடு பாதி நிலத்தில்தான் ஓடுகிறது என்றால் எந்தப் பாதி என்பதை எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. புலப்படத்தை முழுமைத் திட்ட வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து:

வரையறையில் ஒரு இடைஞ்சல் இருக்கிறது. 2017 விதிகள் வந்ததிலிருந்து அங்கீகாரம் இல்லாத மனை வாங்கினவர்கள் எல்லோருக்கும் "வரன்முறை", அதாவது அந்த மனையைச் சட்டப்படி முறைப்படுத்துவது, மனப்பாடம். 20.10.2016 வரைக்கும் விற்ற மனைக்குத்தான் அந்தச் சலுகை. வரையறை என்று படித்ததும் "எங்க மனைக்கு மறுபடி வரன்முறை திறந்துட்டாங்களா" என்று ஓடி வருவார்கள்.

பென்னாகரத்திலிருந்து:

தவிரவும் வரையறை என்பது கணக்கு வாத்தியார் சொல். முக்கோணத்தை வரையறு, வட்டத்தை வரையறு.

ஓசூரிலிருந்து:

வாத்தியார் சொல்லாகவே இருக்கட்டும் ஐயா. இந்த முறைக்கே யூக்ளிடியன் சோனிங் என்றுதான் பெயர். அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்து யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில் 1926-இல் உச்ச நீதிமன்றம் சோனிங் செல்லும் என்று சொன்னது. அந்த ஊருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் நில அளவையர்கள், அதுவும் வடிவியல் யூக்ளிட் நினைவாக. வரன்முறைக் குழப்பம் நியாயமானது. "பயன்" என்ற முன்னொட்டை எங்கேயும் விடாமல் எழுதினால் பாதி தீரும், பாதி தீராது.

கிருஷ்ணகிரியிலிருந்து:

நன்றி. இன்னொன்று பாக்கி. குடியிருப்புப் பகுதி என்று நிறம் பூசும் முன்பே அங்கே ஓடிக்கொண்டிருந்த மாங்கூழ் ஆலை. தொடரலாம், விரிவாக்க முடியாது. நான்கன்ஃபார்மிங் யூஸ். அரூரார் தனிமடலில் "பழம்பயன்" என்கிறார்.

தர்மபுரியிலிருந்து:

மாங்கூழ் ஆலைக்குப் பழம்பயன்! படிக்கிறவன் மாம்பழத்தால் வரும் நன்மைகள் என்று நினைத்து அடுத்த பக்கம் போய்விடுவான். "முந்தைய பயன்பாடு" என்று போட்டால் என்ன குடி முழுகிவிடும்? எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லில் பெயர் வேண்டும் என்று யார் கட்டளையிட்டது?

கிருஷ்ணகிரியிலிருந்து:

மணி பதினொன்று ஆகிவிட்டது. இப்படி அனுப்புகிறேன்: சோன் – வரையறைப் பகுதி. சோனிங் – பயன் வரையறை. ரீசோனிங் – பயன் வரையறை மாற்றம். ஸ்பாட் சோனிங் – ஒற்றைப்புல வரையறை. நான்கன்ஃபார்மிங் யூஸ் – வரையறைக்கு முந்தைய பயன்பாடு. முதல் பக்கத்தில் கட்டம் கட்டி: "இது பட்டாவில் உள்ள நில வகைப்பாடு அன்று; மனை வரன்முறையும் அன்று." அடைப்புக்குள் சோன், சோனிங் என்று ஒரு தடவை.

பென்னாகரத்திலிருந்து:

அடைப்புக்குறிக்குள் சோனிங் போட்டாலே நாளைக்கு அதுதான் நிற்கும், வரையறை உதிர்ந்துவிடும். கலப்புப் பயன்பாட்டுக்காவது திணைமயக்கம் போடலாம், ஒரு அடிக்குறிப்பாக. என் எதிர்ப்பு இழையில் இருக்கட்டும்.

அரூரிலிருந்து:

அனுப்பிய கோப்பைப் பார்த்தேன். 9-ஆம் பக்கத்தில் "வரையறை பகுதி" என்று இருக்கிறது. ப் மிகும். அச்சுக்குப் போகும் முன் சேர்த்துவிடுங்கள்.