அடிபட்டவன் விற்கிறானா, வாங்குகிறானா? – ‘செல்லிங்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

எண்பதுகளின் தொழில்முறை மல்யுத்தப் போட்டிகளைப் (முடிவை முன்கூட்டியே பேசிவைத்துக் கதையாக நடத்துபவை) பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே சொல்லில்தான் மாட்டிக்கொள்கிறேன். செல்லிங். எதிராளியின் அடியோ பிடியோ தன் உடம்பை என்ன செய்தது என்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் புரியவைக்கும் வேலை அது. ஒரு போட்டியை மறுபடி பார்த்து எடைபோடும்போது நான் முதலில் கவனிப்பது இதைத்தான். தாவியது, தூக்கிப் போட்டது எல்லாம் அப்புறம்.

‘பம்ப்’ (அடிபட்ட மல்லர் மேடையில் விழுவது) என்பதற்கு ‘விழல்’ என்று ஏற்கெனவே முடிவு செய்து, விழலுக்கு இறைத்த நீர் என்று கிண்டலும் வாங்கியாயிற்று. இந்தச் சொல்லிலாவது கொஞ்சம் நிதானமாக இருப்போம். ‘செல்லிங்’குக்கு இந்த மன்றத்தில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> மூலச்சொல்லே விற்பதுதானே? ‘விற்றல்’ என்றே வைத்துவிடலாம். எழுத எழுதப் பழகிவிடும்.

பழகாது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் இந்தத் தொழில் ஊர் ஊராகப் போன கேளிக்கைச் சந்தைகளோடு சேர்ந்து வளர்ந்தது. கூடாரத்துக்கு வெளியே கூவி ஆள் சேர்ப்பவனின் பேச்சுவழக்கு அப்படியே மல்லர்களின் குழூஉக்குறி ஆனது. அந்தப் பின்னணியில் ‘விற்பது’ பொருந்துகிறது. நம்பிக்கைதான் அங்கே சரக்கு. தமிழில் ரிக்கி ஸ்டீம்போட் என்ற மல்லரைப் பற்றி “ஸ்டீம்போட் முழங்கால் வலியை அருமையாக விற்றார்” என்று எழுதிப் பாருங்கள். தைலம் விற்றவர் மாதிரி இருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், நம் மொழியில் சரக்கு எதிர்த்திசையில் போகிறது. ஆங்கிலத்தில் அடிபட்டவன் விற்கிறான். தமிழில் அடிபட்டவன் வாங்குகிறான். ‘நல்லா வாங்கினான்’ என்றாலே போதும், என்ன வாங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. இதைப் பிடித்துக்கொண்டுதான் ஒருவர் ‘அடிவாங்கல்’ என்று எழுதியிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் அந்தச் சொல்லை மனதுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். ஆனால் அடி வாங்குவது நடந்த செய்தி. செல்லிங் அந்தச் செய்தியைச் சொல்லும் விதம். மேடையில் ஏறும் எல்லோரும் அடி வாங்குகிறார்கள், எல்லோருக்கும் அதைச் சொல்லத் தெரிவதில்லை. தவிர, தமிழில் அடி வாங்கியவன் தோற்றவன். படம் அடி வாங்கியது, கட்சி அடி வாங்கியது என்கிறோம். ரிக் ஃபிளேரை என்ன செய்வது? எண்பதுகளில் அவர் திரும்பத் திரும்ப உலகச் சாம்பியன், ஊருக்கு ஊர் போய் உள்ளூர் வீரனோடு மோதுவதுதான் வேலை. முட்டி போட்டுக் கைகூப்பிக் கெஞ்சுவார். தலையில் அடி விழுந்த கணத்தில் ஒன்றும் ஆகாதவர் போல இரண்டு மூன்று அடி நடப்பார். அப்புறம் வெட்டிய மரம் போல முகங்குப்புறச் சாய்வார். மொத்த அரங்கமும் ‘நம்ம ஊர்ப் பையன் இன்றைக்கு ஜெயித்துவிடுவான்’ என்று எழுந்து நிற்கும். கடைசியில் பட்டத்தோடு ஊருக்குக் கிளம்புவது பெரும்பாலும் ஃபிளேர்தான். இதை அடிவாங்கல் என்று சொன்னால் அந்த மனிதரின் கலை காணாமல் போகிறது.

அடுத்து ‘வலிநடிப்பு’. அதிகம் பேர் கைதூக்கியது இதற்குத்தான். நான் கடுமையாக மறுப்பதும் இதைத்தான்.

1987 மார்ச் 29, மிச்சிகன் மாநிலத்தின் பாண்டியாக் சில்வர்டோம் அரங்கம். ரெஸில்மேனியா 3 என்ற பெரிய மல்யுத்த நிகழ்ச்சி. கூட்டம் 93,173 என்று அறிவித்தார்கள். அந்த எண்ணிக்கை பற்றிய சண்டை இன்றுவரை ஓயவில்லை, அது வேறு கதை. ஹல்க் ஹோகன், ஆந்த்ரே தி ஜயண்ட் மோதல். தொடங்கியதும் ஹோகன் ஆந்த்ரேவைத் தூக்கப் பார்க்கிறார், முடியாமல் அவருக்கு அடியிலேயே சரிகிறார், நடுவர் கிட்டத்தட்ட மூன்று எண்ணிவிடுகிறார் (மூன்று எண்ணிவிட்டால் அடியில் கிடப்பவர் தோற்றார்). அதன்பிறகு ஹோகன் முதுகைப் பிடித்துக்கொண்டு நெளிகிறார். கதைப்படி முதுகு போனது ஹோகனுக்கு. உண்மையில் முதுகு போயிருந்தது ஆந்த்ரேவுக்கு. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. உடைக்கு அடியில் முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டுதான் மேடை ஏறினார். இல்லாத வலியை ஒருவர் காட்டுகிறார், இருக்கிற வலியை இன்னொருவர் மறைக்கிறார். சுமார் பன்னிரண்டு நிமிடப் போட்டி, நகர்வுகள் என்று பார்த்தால் மிகச் சொற்பம். ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

இங்கே ‘வலிநடிப்பு’ என்று எழுதினால், வலி பொய் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். விமர்சகனுக்கு அந்தத் தீர்ப்பு தேவையே இல்லை. டைனமைட் கிட் 1981இல் டோக்கியோவில் டைகர் மாஸ்க்குடன் மோதிய போட்டியைப் பாருங்கள். கிட் விழுந்த விழுகைகள் பொய் இல்லை. பிற்காலத்தில் அந்த உடம்பு சக்கர நாற்காலிக்குப் போனது. வலி நிஜமா இல்லையா என்பது மருத்துவரின் கேள்வி. அது வெளியே தெரிந்ததா, கதைக்கு உதவியதா என்பதுதான் நம் கேள்வி. ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் ‘நடிப்பு’, ‘போலி’, ‘பொய்’ எதுவும் இருக்கக் கூடாது. ‘காட்டல்’ போதும். பல்லைக் காட்டுகிறவனுக்குப் பல் இருக்கிறது, பூச்சாண்டி காட்டுகிறவனிடம் பூச்சாண்டி இல்லை. காட்டுவது என்ற சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

அப்படியானால் ‘வலிகாட்டல்’ என்று வைக்கலாமே என்பீர்கள். நானும் அங்கேதான் போய் நின்றேன். ஆனால் வலி என்றால் பலமும்தான். வலிமை, வலியவன், வல்லவன் எல்லாம் அந்தக் குடும்பம். வேறு எந்தத் துறையிலும் இது தொந்தரவில்லை. மல்யுத்தத்தில்தான் தொந்தரவு. “ஹோகன் வலி காட்டினார்” என்றால் முதுகைப் பிடித்தாரா, சட்டையைக் கிழித்துப் புஜத்தை முறுக்கினாரா?

மூத்த உறுப்பினர் ஐயா ஒருவர் ‘மெய்ப்பாடு’ போதுமே என்று எழுதியிருந்தார். ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடுகள் எட்டு. அதில் வருத்தம் என்பது மூப்பு, பிணி, மென்மை ஆகியவற்றோடு சேர்ந்து இளிவரலின் கீழ் வருகிறது. மல்லனின் சிரிப்பு, வெகுளி, பெருமிதம் எல்லாமே மெய்ப்பாடுதான். வீடு முழுவதற்கும் உள்ள பெயரை ஓர் அறைக்கு வைக்க முடியாது. ஆனால் மெய்யில் தோன்றுவதைப் பேசுங்கள் என்று நீங்கள் சொன்ன திசைதான் சரி.

என் பரிந்துரை: நோகாட்டல். நோதல், நோவு, நோய் எல்லாம் ஒரே வேர். பலம் என்ற பொருள் இதில் ஒட்டாது. வினையாக்குவதும் எளிது: நோ காட்டினார். மிகையாகக் காட்டினால் மிகைநோ.

குறை இருந்தால் சொல்லுங்கள்.

———

தம்பி, வணக்கம்.

எங்கட பக்கம் ‘நோ’ என்றுதான் சொல்வோம். வயிற்று நோ, முதுகு நோ, கால் நோகுது. அதனால் நீங்கள் இந்தச் சொல்லை எடுத்ததில் எனக்குச் சந்தோசம். ஆனால் “ஃபிளேர் நோ காட்டினார்” என்று வாசித்ததும் என் மகன் கேட்டது: “ஏன் அம்மா, அவர் எதுக்கு ‘நோ’ சொன்னவர்?” ஆங்கிலத்து ‘நோ’ இன்றைக்குத் தமிழ் எழுத்தில் எங்கும் கிடக்கிறது. அதிலும் இந்தத் துறையில் ‘நோ-செல்’ (அடி பட்டும் ஒன்றும் ஆகாதவர் போல நிற்பது) என்று வேறு ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே பந்தியில் வந்தால் வாசிப்பவர் பாவம்.

இன்னொன்று. காட்டல் கண்ணுக்குரிய சொல். 1985இல் கிரீன்ஸ்பரோவில் மேக்னம் டி.ஏ., டல்லி பிளான்சர்ட் மோதிய கூண்டுப் போட்டியை நீங்கள்தான் பார்க்கச் சொன்னீர்கள். ‘விட்டுவிடுகிறேன்’ என்று வாயால் சொன்னால்தான் முடியும் என்ற விதி. ஒலிவாங்கியை மாறி மாறி மற்றவரின் வாயில் வைக்கிறார்கள். அங்கே முகத்தை விடக் குரல்தான் வேலை செய்கிறது. மூச்சு, முனகல், கடைசியில் அந்த அலறல். அதற்கும் ‘காட்டல்’ பொருந்துமா?

———

> தமிழில் இதைப் படிக்கப்போவது பத்துப் பேர். பத்துப் பேருக்கும் ‘செல்லிங்’ தெரியும். பிறகு எதற்கு இந்தப் பாடு?

இந்தக் கேள்வி வராமல் எந்த இழையும் முடிந்ததில்லை. அந்தப் பத்துப் பேருக்கும் சொல் தெரியும், சரி. ஆனால் தமிழ்ச்சொல் தேடப் போனதால்தான் ஃபிளேர் செய்வதும் ஹோகன் செய்வதும் ஒன்றல்ல என்று எனக்கே உறைத்தது. அதற்கு மேல் வாதாட நேரமில்லை.

அக்கா, உங்கள் முதல் தடையை அப்படியே ஏற்கிறேன். மகனுக்கு என் நன்றி. ‘நோ’ வேண்டாம், ‘நோவு’ என்று வைப்போம். நோவுகாட்டல். இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் நோவு புழக்கத்தில் இருக்கும் சொல்தான்.

குரல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். குரலில் கோபத்தைக் காட்டினாள், பேச்சில் அலட்சியத்தைக் காட்டினான் என்கிறோமே. காட்டல் கண்ணை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டது. அந்தக் கூண்டுப் போட்டியில் உடைந்த நாற்காலிக் கட்டையை முகத்தில் வைத்து அழுத்தும்போது பிளான்சர்ட் ஒலிவாங்கி வழியே காட்டியதும் நோவுதான்.

‘நோ-செல்’ என்பதற்கு ‘நோவுகாட்டாமை’ என்று நீட்டி முழக்க வேண்டாம். ‘உறைக்காமை’ என்று வைக்கலாமா? அடி உறைக்கவில்லை என்பது நம் இயல்பான பேச்சு. ரோடு வாரியர்ஸ் இணை உறைக்காமையையே முதலாக வைத்துப் பிழைத்தவர்கள்; எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல நிற்பார்கள், கூட்டம் அதற்கே கூச்சல் போடும். ஹோகனின் வழக்கமான முடிவும் அதுதான். திடீரென்று அடி உறைக்காமல் போகும், உடம்பு உதறும், விரலை நீட்டுவார், அப்புறம் எதிராளிக்குக் கெட்ட நேரம். பத்து நிமிடம் ஒழுங்காக நோவு காட்டிவிட்டுக் கடைசியில் உறைக்காமல் நிற்பது ஒரு கலை. முதல் நிமிடத்திலிருந்தே உறைக்காதவன் நோகாமல் நுங்கு தின்கிறான்.

சொல் ஓடுகிறதா என்று பார்க்க, நான் எழுதிக்கொண்டிருக்கும் விமர்சனத்தின் ஒரு பகுதியை இதை வைத்தே எழுதிப் பார்த்தேன். 1989இல் ஃபிளேரும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மூன்று முறை பெரிய மேடையில் மோதினார்கள்: பிப்ரவரியில் சிகாகோ, ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ், மே 7இல் நாஷ்வில். இது மூன்றாவது.

“போட்டியின் முதல் பாதி ஃபிளேரின் கையைச் சுற்றியே ஓடுகிறது. ஸ்டீம்போட் விடாமல் அந்தக் கையை முறுக்குகிறார். ஃபிளேர், பிடியில் இல்லாத நேரத்திலும் அந்தக் கையைத் தொங்கவிட்டு நோவு காட்டுகிறார். இரண்டாம் பாதியில் கதை கைமாறுகிறது. கயிற்றின் மேலிருந்து வெளியே விழும் ஸ்டீம்போட்டின் முழங்கால் கெடுகிறது. கால்களைப் பின்னிப் பூட்டுவதுதான் ஃபிளேரின் பேர்போன ஆயுதம். அது நேராக அந்தக் காலுக்கே வருகிறது. கயிற்றைத் தொட்டு விடுபட்ட பிறகும் அந்த முழங்காலை ஸ்டீம்போட் மறப்பதில்லை. சில நிமிடங்கள் கழித்து, நாம் மறந்திருக்கும் நேரத்தில், ஃபிளேரைத் தூக்கிப் போடப் போகிறார். முழங்கால் மடங்குகிறது. ஃபிளேர் விழுந்த வேகத்திலேயே அவரைச் சுருட்டி அமுக்குகிறார். மூன்று எண்ணிக்கை. ஸ்டீம்போட்டின் பட்டம் போய்விட்டது. ஒரு பெரிய உத்தியால் அல்ல, நோவுகாட்டலால் முடியும் போட்டி இது.”

எழுதும்போது சொல் எங்கும் இடறவில்லை. ஒரே ஒரு இடத்தில் யோசித்தேன். “முழங்காலை மறப்பதில்லை” என்று எழுதிய இடத்தில் ஆங்கில விமர்சகர்கள் ‘நெடுங்கால’ என்று ஓர் அடைமொழி சேர்ப்பார்கள். 1986 இறுதியில் ராண்டி சாவேஜ் போட்டி தொடங்க அடிக்கும் மணியை வைத்து ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கினார்; மாதக்கணக்கில் அந்தத் தொண்டைதான் கதை. பாண்டியாக்கில் இருவரும் மோதியபோது சாவேஜ் மறுபடி மணியைத் தூக்கியதும் கூட்டம் பதறியது அதனால்தான். இதற்குத் ‘தொடர்நோவு’ என்று ஒரு சொல் தோன்றியது. நாள்பட்ட வியாதி மாதிரி ஒலிக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். அக்கா, உங்கள் பக்கத்தில் இதற்கு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். கிடைக்கும்வரை ‘மறவாத நோவு’ என்று எழுதி ஒப்பேற்றுகிறேன்.

நோவுகாட்டல், உறைக்காமை, மிகைநோவு. மூன்றையும் நம் சொற்பட்டியலில் சேர்க்கிறேன். ‘விழல்’ பற்றி யாரும் பேச வேண்டாம்.