நவம்பர் கடைசியில ஸ்காபரோவில நடந்து திரிஞ்சு படம் எடுக்க ஏதும் இருக்கா?

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். கனடா வந்து இது எனக்கு ரெண்டாவது இலையுதிர்காலம். போன மாதம் எல்லாரும் சிவப்பு மேப்பிளுக்குக் கீழ நிண்டு படம் எடுத்துப் போட்டினம். எனக்கு அப்ப சனி ஞாயிறும் வேலை. இப்பதான் ஞாயிறு லீவு கிடைச்சிருக்கு, பார்த்தால் மரமெல்லாம் மொட்டை. "இனி ஏப்ரல் வரைக்கும் கமராவைத் தூக்கி உள்ள வை" எண்டு இவர் சொல்லுறார்.

எனக்கு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க ஏலாது. மோர்னிங்சைட் பக்கம் இருக்கிறம். கையில இருக்கிறது ஒரு போனும், அண்ணா தந்த பழைய கனன் கமராவும், அதோட வந்த 18-55 லென்ஸும். அம்மாவும் கூட வருவா. அவவுக்கு 68 வயசு, முழங்கால் நோ, ஏத்த இறக்கம் சரிவராது. இந்த நேரத்தில படம் எடுக்க உண்மையா ஏதும் இருக்கா? எங்க போறது, எத்தினை மணிக்கு? குளிருக்குள்ள கமராவை என்னெண்டு கொண்டு திரியிறது?

பழைய நடைக்காரன் எழுதியது:

தங்கச்சி, கமராவை உள்ள வைக்காதேங்கோ. இந்த ஊரில எனக்குப் பிடிச்ச மாதமே நவம்பர்தான். ஒக்டோபரில உங்களுக்குப் பக்கத்து ரூஜ் காட்டுப் பூங்காவுக்குப் போனால் கார் விட இடமில்லை, ஒவ்வொரு மேப்பிளுக்குக் கீழயும் ஒரு கலியாணச் சோடி. இப்ப போங்கோ, பாதை முழுக்க உங்களுக்குத்தான்.

முதல் விசயம் வெளிச்சம். நவம்பர் 20 அளவில இங்க நடு மத்தியானத்திலயே சூரியன் அடிவானத்திலயிருந்து 26, 27 பாகைக்கு மேல ஏறாது. அதே நாள் யாழ்ப்பாணத்தில 60 பாகையில நிக்கும். வெயில் நாளில 12 மணிக்கு வெளியில நிண்டு உங்கட நிழலைப் பாருங்கோ, உங்கட உயரத்தில ரெண்டு மடங்கு இருக்கும். இந்தச் சாய்ஞ்ச வெயிலுக்காகக் கோடையில ஆக்கள் விடிய 5 மணிக்கு எழும்பி ஓடுவினம். இப்ப நாள் முழுக்க அதுதான். மேல மறைக்க இலையும் இல்லை, காட்டுத் தரை வரைக்கும் வெயில் இறங்கும். விடியிறதும் 7:15 அளவிலதான், நித்திரையும் கெடாது. பின்னேரம் மட்டும் கவனம். மணிக்கூட்டைப் பின்னுக்கு வைச்சாப்பிறகு 4:45க்குப் பொழுதுபட்டிடும், பள்ளத்தாக்குக்குள்ள அதுக்கு முதலே இருண்டிடும். 3:30க்கே காருக்குத் திரும்பத் தொடங்குங்கோ.

இனி என்ன எடுக்கிறது எண்ட கதை. மேப்பிளை மறந்திட்டு பீச் மரத்தைத் தேடுங்கோ. சாம்பல் நிறப் பட்டை, கையால தடவினால் வழுவழுப்பு. இளம் பீச் காய்ஞ்ச இலையைக் கொட்டாது, வசந்தம் வரைக்கும் பிடிச்சு வைச்சிருக்கும். ஓக்கிலயும் இதைக் காணலாம். கிட்டப் போய் ஒரு இலையை வடிவாப் பாருங்கோ. வெளிறின செம்பு நிறம். நரம்புகள் ஒண்டுக்கொண்டு சமாந்தரமா ஓடி, ஒவ்வொண்டும் இலை ஓரத்தில ஒரு பல்லில போய் முடியும். காம்படியில அடுத்த வருசத்து மொட்டு, பீடி மாதிரி ஒடுங்கிக் கூராய் இருக்கும். வெயில் இலைக்குப் பின்னால வாறமாதிரி நில்லுங்கோ. போனில இலையைத் தொட்டு அழுத்திப் பிடிச்சால் ஃபோகஸ் அப்பிடியே பூட்டிக்கொள்ளும், பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ. பின்னால காடு கறுத்துப் போய், இலை மட்டும் பத்தி எரியும். இதுக்குப் பெரிய கமரா தேவையில்லை.

வெட்டையான இடங்களில மில்க்வீட் காய் வெடிச்சு நிக்கும். எங்கட எருக்கலையும் அதுவும் ஒரே குடும்பம், காய்க்குள்ள பார்த்தால் உடன விளங்கும்: தவிட்டு நிற விதைகள் ஒண்டின்மேல ஒண்டா அடுக்கி, ஒவ்வொண்டின்ர தலையிலயும் பட்டுப் பஞ்சு. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின்ர புழு மில்க்வீட்டை மட்டும்தான் தின்னும். அந்தப் பூச்சியள் இப்ப மெக்சிக்கோவில வெயில் காயுதுகள், நாங்கள்தான் இஞ்ச நிக்கிறம். காத்தடிக்கிற நாளில பஞ்சு கிளம்புற நேரம் பார்த்து, ஷட்டர் வேகத்தை 1/500 செக்கனில வைச்சு எடுங்கோ. காயைப் பிடுங்கி வீட்ட கொண்டுபோக வேண்டாம். ரூஜ் இப்ப தேசிய நகர்ப்புறப் பூங்கா, அங்கயிருந்து ஒண்டும் எடுக்கச் சட்டம் விடாது.

இன்னொண்டு உறைபனி. முதல்நாள் இரவு வானம் வெளிச்சு, காத்தில்லாமல், பூச்சியத்துக்குக் கீழ போயிருந்தால் விடிய எழும்பிப் போங்கோ. பள்ளமான புல்வெளியில விழுந்து கிடக்கிற இலையளின்ர ஓரமெல்லாம் வெள்ளை ஊசி ஊசியாக் கட்டியிருக்கும். வெயில் பட்டால் கொஞ்ச நேரத்தில கரைஞ்சிடும், அதால நிழல் பக்கத்தைக் கடைசிக்கு வைச்சுக்கொள்ளுங்கோ. குந்தி இருந்து எடுக்கவேணும், நிண்டுகொண்டு எடுத்தால் வெறும் புல்தான் தெரியும்.

அம்மாவோட போறதெண்டால் போர்ட் யூனியன் ஏரிக்கரைப் பாதை. ரூஜ் ஹில் கோ (GO) ரயில் ஸ்டேசனுக்குப் பக்கத்திலயே தொடங்கலாம். ஒரே மட்டம், ஏத்தமில்லை, கிழக்கால நடந்தால் ரூஜ் ஆறு ஏரியில விழுற இடம் வரைக்கும் போகலாம். குளிர்கால தாராக்களும் இப்பதான் வடக்கிலயிருந்து வந்து சேருதுகள். பஃபிள்ஹெட் எண்டு ஒரு சின்னன், கறுப்பும் வெள்ளையும், முங்கிப் போய் வேற இடத்தில எழும்பும். ஆர்க்டிக் பக்கத்து நீண்டவால் தாராவும் வரும். நீங்கள் தனிய, காலும் சுகமெண்டால் மாஸ்ட் ட்ரெயில் போங்கோ. ஏறக்குறைய 200 வருசத்துக்கு முதல் கப்பல் பாய்மரத்துக்கு வெள்ளைப் பைன் வெட்டி இழுத்த பாதை அது. நல்ல ஏத்தம் இருக்கு.

குளிருக்கு: ரெண்டாவது பற்றறியை ஜக்கெற்றுக்குள்ள, உடம்போட ஒட்டின பொக்கற்றில வையுங்கோ. திரும்பி வீட்டுக்குள்ள போக முதல், வெளியிலயே கமராவை சிப்லொக் பையில போட்டுப் பூட்டி, உள்ள சூடாகும் வரைக்கும் திறக்காதேங்கோ. இல்லாட்டி லென்ஸெல்லாம் வேர்த்துப் போகும்.

மார்க்கம் மாமி எழுதியது:

அண்ணை எல்லாம் சொன்னார், உண்ணியை விட்டிட்டார். குளிர் வந்தால் உண்ணி இல்லையெண்டு கனபேர் நினைக்கினம். கறுத்தக்கால் உண்ணியின்ர வளர்ந்த பருவம் இலையுதிர்காலத்திலதான் நல்லாத் திரியும், 4 பாகை செல்சியஸ் சூடு இருந்தாலே போதும். ரூஜ் பள்ளத்தாக்கில அது இருக்கு, லைம் நோய் பரப்புறது அதுதான். புல்லுக்குள்ள குந்திப் படம் எடுக்கிற ஆக்கள் காற்சட்டை நுனியைச் சொக்ஸுக்குள்ள விடுங்கோ. வீட்ட வந்து முழங்காலுக்குப் பின்பக்கம், அக்குள், தலைமயிருக்குள்ள எல்லாம் பாருங்கோ. கடிச்சுக்கொண்டிருந்தால் கூரான ட்வீஸரால தோலோட ஒட்டப் பிடிச்சு நேர இழுக்கவேணும். 24 மணித்தியாலத்துக்குள்ள எடுத்திட்டால் தொத்துற ஆபத்து குறைவு. எண்ணெய் பூசுறது, நெருப்புக் காட்டுறது எல்லாம் வேண்டாம்.

பிக்கரிங் பெடியன் எழுதியது:

நடைக்காரன் அண்ணை, 26 பாகைச் சாய்ஞ்ச வெயில் எண்டு வடிவாத்தான் சொல்லுறியள், ஆனால் நவம்பரில எங்க வெயில்? கிழமை முழுக்க மூடம். என்னைக் கேட்டால் அடுத்த வருசம் செப்டம்பர் கடைசி, ஒக்டோபர் முதல் கிழமையில வடக்கால இருக்கிற அல்கொன்குயின் பூங்காவுக்குப் போங்கோ. மேப்பிள் உச்சத்தில இருக்கும், ஒரே நாளில வருசம் முழுக்கப் போடுறதுக்குப் படம் கிடைக்கும்.

பழைய நடைக்காரன் எழுதியது:

தம்பி, அல்கொன்குயின் வடிவுதான், ஆர் இல்லையெண்டது? ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, அதுவும் அம்மாவோட. மூணு மணித்தியாலம் காரில போய், மூணு மணித்தியாலம் திரும்பி, முழங்கால் என்னத்துக்கு ஆகும்?

மூடமான நாளைப்பற்றிச் சொன்னது நியாயம். அண்டைக்கு வானத்தைப் படத்துக்குள்ள விடாதேங்கோ, அவ்வளவுதான். மழை நனைஞ்ச பட்டை, பாசி, விழுந்த மரத்தில அடுக்கடுக்கா வளர்ற வான்கோழிவால் காளான், இதெல்லாம் மூடத்திலதான் நிறம் காட்டும். வெயில் பட்டால் மினுங்கி வெளிறிப் போயிடும். நனைஞ்ச இலைக்கு ஒரு போலரைசர் ஃபில்டர் போட்டுச் சுத்திப் பாருங்கோ, மினுக்கம் போய்த் துப்பரவா நிறம் வரும். கமராவில நான் வாங்கச் சொல்லுற ஒரே சாமான் அதுதான். 18-55க்கு பெரும்பாலும் 58 மில்லிமீற்றர் அளவு, லென்ஸ் முன்பக்கத்தில எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கோ.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாமி, சொக்ஸ் விசயம் இவருக்கும் வாசிச்சுக் காட்டிட்டன், இப்ப என்னைப் போகவே வேண்டாம் எண்டுறார். ;) அண்ணை, இந்த லென்ஸால தாரா எடுக்கலாமா? இல்லாட்டி புதுசு வாங்கவேணுமா? அம்மாவுக்குக் காத்துக் குளிரும் பயம்.

பழைய நடைக்காரன் எழுதியது:

55இல தாரா ஒரு புள்ளிதான். அதைப் பெரிசாக்கப் பார்க்காமல், ஏரியையும் கல்லையும் சேர்த்து எடுங்கோ, அதில தாரா ஒரு ஓரத்தில இருக்கட்டும். பிடிச்சுப் போச்செண்டால் பிறகு தூரத்தில இருக்கிறதைக் கிட்டக் காட்டுற 55-250 லென்ஸ், பாவிச்சது ஒண்டு தேடுங்கோ, புதுசு வேண்டாம். கிட்டப் போக ஒரு வழி இருக்கு: அது முங்கின உடன நாலு அடி முன்னுக்கு வையுங்கோ, எழும்ப முதல் அசையாமல் நில்லுங்கோ. பாண் போடவேண்டாம்.

வெளிக்கிட முதல் காத்து எந்தப் பக்கம் எண்டு போனில பாருங்கோ. வடக்கு, வடமேல் காத்தெண்டால் போர்ட் யூனியனில தண்டவாள மேடு கொஞ்சம் மறைக்கும், கரையோரத் தண்ணியும் அலையில்லாமல் இருக்கும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம். கிழக்கு, தெற்குக் காத்தெண்டால் ஏரி முகத்தில அடிக்கும், அண்டைக்கு அம்மாவை வீட்டில விட்டிட்டு நீங்கள் காட்டுப் பக்கம் போங்கோ.