எக்ஸெல் விலைப்பட்டியலைப் பிடிஎஃப் ஆக்கினால் படங்கள் இடம் மாறுகின்றன, வட்டத் தாம்பாளம் முட்டை வடிவமாகிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடையில் கணக்கும் கணினி வேலையும் பார்க்கிறேன். குத்துவிளக்கு, தாம்பாளம், சொம்பு, தூபக்கால் என்று 64 உருப்படிகளுக்குப் படத்தோடு ஒரு விலைப்பட்டியல் தயாரித்திருக்கிறேன். எண், படம், விவரம், எடை, விலை என ஐந்து நெடுவரிசைகள். வீட்டில் எக்ஸெல் 2016-இல் திறந்து பார்த்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. கடையில் இருப்பது விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினி. அங்கே எக்ஸெல்லுக்குப் பதிலான இலவச மென்பொருள் லிப்ரே ஆஃபீஸில் திறந்து பிடிஎஃப் ஆக்கினால் குழப்பம்.

முதல் பக்கத்தில் மேலே உள்ள படங்கள் பரவாயில்லை. கீழே போகப் போக ஒவ்வொன்றும் நழுவி, 20-ஆம் எண் வரும்போது படம் ஏறக்குறைய அரை வரிசை தள்ளி நிற்கிறது. நடுவில் சில தாம்பாளங்கள் நீளவாக்கில் இழுபட்டு முட்டை மாதிரி தெரிகின்றன. பக்க முடிவில் ஒரு விளக்கின் அடிப்பாகம் வெட்டுப்பட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. கோப்பும் மிகப் பெரியதாக இருப்பதால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சிரமமாக இருக்கிறது.

போன வாரம் வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் படத்தைப் பார்த்துத் தூபக்கால் கேட்டார். படத்துக்கு நேரே இருந்ததோ சொம்பின் விலை. அவரிடம் விளக்கிச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இனி அப்படி நடக்கக் கூடாது. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1

இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றனவே, அதில் ஏற்றிப் பாருங்களேன். ஒரு நிமிட வேலை.

பதில் 2

அதில் போட்டாலும் இதே சிக்கல் வரலாம். அந்தச் சர்வரிலும் உங்கள் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று உறுதி கிடையாது. அதோடு கடையின் விலைப்பட்டியலை யாரோ ஒருவருடைய கணினிக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். என்ன எழுத்துரு? வரிசைகளின் உயரத்தைக் கையால் வைத்தீர்களா, தானாக அமைந்ததா? நழுவும் படங்கள் எந்த எண் வரை, இழுபடும் படங்கள் எந்த எண்ணிலிருந்து?

கேட்டவர்

நன்றி அண்ணா. எழுத்துரு நிர்மலா யூஐ. உயரம் தானாக அமைந்ததுதான். விவரக் கட்டத்தில் நாலைந்து வரி இருப்பதால் அதற்கேற்ப உயர்ந்துகொண்டது. நீங்கள் கேட்ட பிறகு எண்ணிப் பார்த்தேன். 1 முதல் 24 வரை நழுவுகின்றன. 25 முதல் 50 வரை இடம் சரி, ஆனால் சில படங்கள் இழுபட்டிருக்கின்றன. 51-க்கு மேல் எல்லாம் ஒழுங்கு!

முதல் 24 படங்களை வைத்தபோது அசையாமல் இருக்கட்டும் என்று ஏதோ ஒரு அமைப்பை மாற்றினேன். அடுத்தவற்றுக்கு, ஃபில்டர் போட்டால் படமும் சேர்ந்து மறைய வேண்டும் என்று வேறொன்றை மாற்றினேன். கடைசி 14 படங்களில் எதையும் தொடவில்லை.

பதில் 2

நல்லதாகப் போயிற்று, பாதி விடையை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

எக்ஸெல்லில் படம் கட்டத்துக்கு உள்ளே இருப்பதில்லை. தாளின் மேல் மிதக்கிறது. அது கட்டத்தோடு எப்படி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கு மூன்று அமைப்புகள் உண்டு. படத்தைத் தேர்ந்து கண்ட்ரோல் + 1 அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் பாருங்கள். 'டோன்ட் மூவ் ஆர் சைஸ் வித் செல்ஸ்' என்றால் வரிசை என்ன ஆனாலும் படம் தாளில் அதே இடத்தில் நிற்கும். உங்கள் முதல் 24 இப்படித்தான். 'மூவ் அண்ட் சைஸ் வித் செல்ஸ்' என்றால் படத்தின் மூலைகள் கட்டங்களில் கட்டப்பட்டிருக்கும், வரிசை உயர்ந்தால் படமும் இழுபடும். அது உங்கள் 25 முதல் 50. 'மூவ் பட் டோன்ட் சைஸ் வித் செல்ஸ்' என்றால் வரிசையோடு நகரும், உருவம் மாறாது. நுழைத்த படத்துக்கு எக்ஸெல் தானாக வைப்பது இதைத்தான், அதனால்தான் நீங்கள் தொடாத 14 படங்களும் பிழைத்தன.

ஆனால் படங்கள் மேல் குற்றமில்லை, மாறியது வரிசைகளின் உயரம். நிர்மலா யூஐ விண்டோஸோடு வருவது. உபுண்டுவில் அது இல்லாததால் லிப்ரே ஆஃபீஸ் வேறு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. அதன் அகலமும் உயரமும் வேறு. நான்கு வரியில் முடிந்த விவரம் சில இடங்களில் ஐந்தாவது வரிக்கு மடிகிறது, தானாக அமைந்த உயரமும் கூடுகிறது. முதல் 20 வரிசைகளில் மூன்றில் மட்டும் 15 பாயிண்ட் வீதம் கூடினாலே 45 பாயிண்ட் ஆகிவிடும், அதாவது 16 மில்லிமீட்டர். உங்கள் 'அரை வரிசை' இதுதான். இங்கிலீஷ் எழுத்தில் இந்தத் தொல்லை குறைவு. கலிப்ரி எழுத்துரு இல்லாத இடத்தில் அதே அளவுள்ள கார்லிட்டோ எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். நிர்மலாவுக்கு அப்படியொரு ஜோடி உபுண்டுவில் கிடையாது.

ஆகவே படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திச் சரிசெய்யாதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம், அதை இரண்டு கணினியிலும் நிறுவி, தாள் முழுவதையும் அதற்கு மாற்றுங்கள். அப்புறம் 64 வரிசைகளையும் சேர்த்துத் தேர்ந்து உயரம் 90 என்று கையால் கொடுங்கள். கையால் கொடுத்த உயரத்தை லிப்ரே ஆஃபீஸ் மதிக்கும், எழுத்துக்கு ஏற்ப மாற்றாது.

படங்களுக்கான வேலையை மட்டும் எழுத்துருவையும் உயரத்தையும் மாற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அப்போதுதான் வரிசைகளோடு படங்களும் சேர்ந்து நகரும். எஃப்5 அழுத்தி, ஸ்பெஷல், ஆப்ஜெக்ட்ஸ் என்று போனால் எல்லாப் படங்களும் ஒரே நேரத்தில் தேர்வாகும். கண்ட்ரோல் + 1-இல் எல்லாவற்றையும் 'மூவ் பட் டோன்ட் சைஸ்' ஆக்குங்கள். இழுபட்ட படங்களுக்கு மட்டும் 'ரீசெட் பிக்சர் அண்ட் சைஸ்' கொடுத்தால் பழைய விகிதம் திரும்பும். படம் பெரிதாகப் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம். 'லாக் ஆஸ்பெக்ட் ரேஷியோ' குறியிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உயரம் 2.9 சென்டிமீட்டர் கொடுங்கள், அகலம் தானாக அமையும்.

பதில் 3

அச்சக வேலை பார்ப்பவன் என்பதால் பக்கக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன்.

90 பாயிண்ட் என்பது 31.75 மில்லிமீட்டர். ஏ4 தாளின் உயரம் 297. மேலும் கீழும் 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் மிஞ்சுவது 267. தலைப்பு வரிசைக்கு 24 பாயிண்ட் கொடுத்தால் எட்டரை மில்லிமீட்டர் போகும். எட்டு வரிசைக்கு 254. கூட்டினால் 262.5, அடங்கிவிடும். பக்கத்துக்கு எட்டு வீதம் 64 உருப்படியும் சரியாக எட்டுப் பக்கம். அச்சில் தாளைச் சுருக்காமல் 100 சதவீத அளவில் எடுத்தால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். அதனால் நெடுவரிசைகளின் மொத்த அகலத்தை 180 மில்லிமீட்டருக்குள் வைத்துவிடுங்கள். பக்க அமைப்பில் தாள் ஏ4 தானா, லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் அளவா என்றும் பாருங்கள், பல கோப்புகளில் லெட்டர்தான் இருக்கும்.

விளக்கின் அடிப்பாகம் வெட்டுப்பட்டதற்கும் காரணம் இருக்கிறது. பக்கம் பிரிவது இரண்டு வரிசைகளுக்கு நடுவில்தான். வரிசைக்குள் அடங்கிய படம் வெட்டுப்படாது, கோட்டைத் தாண்டித் தொங்கும் படம்தான் வெட்டுப்படும். 2.9 சென்டிமீட்டர் படத்துக்கு மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இடைவெளி கிடைக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

கோப்பு கனமாக இருப்பது போன் கேமரா படங்களை அப்படியே போட்டதால். 2.9 சென்டிமீட்டர் உயரப் படத்துக்கு 300 டிபிஐ-யில் (அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி) 343 பிக்சல் போதும். வாடிக்கையாளர் பெரிதாக்கி வேலைப்பாட்டைப் பார்ப்பார் என்று வைத்துக்கொண்டால் 700 வரை போகலாம். படங்களைச் சிறிதாக்கிவிட்டு நுழைப்பதுதான் சுத்தமான வழி. மறுபடி நுழைக்க நேரமில்லை என்றால் லிப்ரே ஆஃபீஸில் பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் 'ரெட்யூஸ் இமேஜ் ரெசல்யூஷன்' என்பதை 300-இல் வையுங்கள்.

பதில் 4

புதிய மைக்ரோசாஃப்ட் 365-இல் 'ப்ளேஸ் இன் செல்' என்று வந்திருக்கிறது. படம் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். 2016-இல் இல்லை என்பதால் உங்களுக்கு இப்போது உதவாது, மாறும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். இன்று காலை கடையில் பிடிஎஃப் எடுத்தேன். சரியாக எட்டுப் பக்கம். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் 64-ஆம் எண்ணைத்தான் பார்த்தேன். அன்னவிளக்கின் மேல் நிற்கும் அன்னத்தின் அலகு முதல் அடித்தட்டு வரை கட்டத்துக்குள் அப்படியே இருக்கிறது. தாம்பாளங்கள் எல்லாம் வட்டம். ஒன்றின் மேல் ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் அளந்துகூடப் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை. 17, 42 இரண்டிலும் விவரம் ஆறு வரி. உயரத்தை 90-இல் நிறுத்தியதால் கடைசி வரி மறைகிறது. அந்த இரண்டுக்கு மட்டும் உயரத்தைக் கூட்டலாமா?

பதில் 3

கூட்டலாம், ஆனால் 108 ஆக்கினால் அந்தப் பக்கத்தில் எட்டு வரிசை அடங்காது. 269 மில்லிமீட்டர் ஆகிவிடும், இருப்பது 267. எட்டாவது வரிசை அடுத்த பக்கத்துக்குத் தாவி, அதன் பின்னால் வரும் எல்லாம் தள்ளிப்போகும். விவரத்தைச் சுருக்குவதுதான் நல்லது. 'கைவேலைப்பாடு கொண்டது' மாதிரி எல்லா உருப்படிக்கும் பொதுவான சொல் ஏதாவது இருந்தால் எடுத்துத் தலைப்பில் ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

கேட்டவர்

அதே சொல்தான் இருந்தது சார்! எடுத்துவிட்டேன், இரண்டும் ஐந்து வரிக்குள் வந்துவிட்டன. மதியமே வெளியூர் வாடிக்கையாளருக்குப் புதிய பட்டியலை அனுப்பிவிட்டேன்.